முதலாளி கூட்டிவைத்த குழு

விடியுமுன்பே முந்திரிக்கொட்டை வறுபடத் தொடங்கிவிடும். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே அந்த ஷெட்டில் புகை கண்ணைப் பிடுங்கும். கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. தெறிக்கும் ஓட்டுப்பால் விரலைத் தின்றுவிடும். அங்கே கொட்டை உடைக்கும் கண்ணாத்தாள் விரல்களில் ரேகையே கிடையாது, மக்களே. ரேஷன் கடை மெஷின் அவளை ஆளாகவே ஒத்துக்கொள்ளாது.

வருஷக் கணக்காக ஒரே கூலி. எண்ணெய், பருப்பு, பிள்ளைகளின் வேன் எல்லாம் ஏறிக்கொண்டே போயின. நடுவில் விழுந்த பள்ளத்தை வாரக்கடன்தான் அடைத்தது. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். தவணைக்காரரை ஷெட்டுக்குள்ளேயே வரச்சொன்னது முதலாளி செம்மல்தான். பெண்கள் எழுந்து வெளியே போனால் வேலை கெடுமாம்.

அன்றைக்குத் தவணை நாள். செம்மல் வந்து நின்றார்.

"இன்னிலேருந்து கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி. ஷெட்டுக்கு வாங்குன பேங்க் லோன் கழுத்தை நெரிக்குது."

கண்ணாத்தாள் கட்டையைக் கீழே வைத்தாள். "ஏத்திக் கேக்கலாம்னு இருந்தோம். நீங்க எறக்குறீங்களே?"

"நாடு வளருது கண்ணாத்தா. பொறுத்தா எல்லாருக்கும் வரும்."

"வளருதுங்க. அங்கிட்டு ஒங்க ஷெட்டு, இங்கிட்டு எங்க தவணை."

சிரிப்பு எழுந்தது. செம்மலின் முகம் கறுத்தது.

"நாளையிலேருந்து நீ வராதே. மத்தவங்க வேலையப் பாருங்க."

ஒரு கட்டையும் அசையவில்லை. தவணை வசூலிக்க வந்திருந்த வசந்த் மெல்லக் கேட்டான்: "அப்ப அக்கா பங்கை யாரு கட்டுறது?"

மரிய செல்வி எழுந்தாள். போன வாரம்தான் கண்ணாத்தாளோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டவள்.

"நாங்கதான் கட்டணும். அப்புடித்தான கையெழுத்து வாங்குனீங்க? அப்ப அவ வேலை போனா எங்க வேலையும் போன மாதிரிதான். முதலாளி, அவ இல்லாம நாங்க கட்டையத் தொட மாட்டோம்."

"ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வம்பை உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சதே நீங்கதானுங்களே!"

குழு முழுதும் எழுந்தது. அடுத்த குழுவும் எழுந்தது. பிறகு, எந்தக் கடனும் இல்லாத காவ்யாவும்.

"தவணை?" என்றான் வசந்த். "கம்பெனிக்காரங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்கக்கா."

"நிக்கட்டும் தம்பி" என்றாள் மரிய செல்வி. " இனி எந்த வாசல்லயும் ஒருத்தியா இருக்க மாட்டோம்."

மதியம், செம்மல் வரவழைத்த வேனில், இவர்களுக்குப் பதிலாக வேலை செய்ய அன்னவாசல் ஊர்ப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஷெட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் தயங்கினார்கள். கண்ணாத்தாள் நடந்ததைச் சொன்னாள். டிரைவர் ஹாரன் அடித்தார். சிலர் ஷெட்டைப் பார்த்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள்.

ஒருத்தி மட்டும் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நகந்து ஒக்காருங்கக்கா."