உளவாளி ஜாடை

புது உளவாளி படம் வெளியான வெள்ளிக்கிழமையோடு லென்ஸின் நிம்மதி போயிற்று.

லென்ஸ் என்பது கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கும் இளைஞனுக்கு அவன் காதலி வைத்த பெயர். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்பது அவன் வேலை. முதல் கண்ணாடியில் எதிரே ஒரு மங்கலான மனிதன் தெரிவான். அடுத்ததில் அந்த மனிதனுக்கு மூக்கு முளைக்கும். அதற்கும் அடுத்ததில் வந்தவர் துள்ளி எழுவார்.

"அட, நீங்கதானே அது!"

அவன் அது இல்லை. ஆனால் புருவம், தாடை, கொஞ்சம் தூக்கி நிற்கும் காது எல்லாம் அப்படியே அதுதான். கடவுள் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அசலை யாரிடம் கொடுத்தோம் என்று மறந்துவிட்டதுபோல.

பழைய நடிகர் பல வருஷமாக அந்த உளவாளியாக ஓடி ஓடி முட்டி தேய்ந்து விலகியிருந்தார். அந்த இடத்துக்கு யாரும் கேள்விப்படாத, அப்படியே லென்ஸின் ஜாடையுள்ள ஒரு புது ஆளைப் போட்டிருந்தார்கள். ஊர் இரண்டுபட்டது. இரண்டு ஊரும் லென்ஸிடம்தான் வந்து கொட்டியது.

"நடை சரியில்ல தம்பி," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு. "பழையவரு நடந்தா தரை பயப்படும். நீங்க நடந்தா, அவசரமா பாத்ரூம் தேடற மாதிரி இருக்கு."

"நான் நடிகன் இல்லீங்க. கீழ் வரிசையைப் படிங்க."

"படிக்கிறேன். ஆனா வில்லன்கிட்ட அவ்வளவு மரியாதை எதுக்கு? நம்ம வீட்டு விருந்தாளியா அவன்?"

அடுத்து வந்த பெண்மணி, "நீங்க அழுத இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது," என்றாள். லென்ஸ் வாய் தவறி நன்றி சொல்லிவிட்டான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். காதலியின் அப்பாவைத் தள்ள முடியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பழைய நடிகர்மேல் உயிரையே வைத்திருந்தவர். புதியவனின் போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்பதற்காகவே, கற்றுக்கொள்ள வருபவர்களை வேறு தெரு வழியாக ஓட்டச் சொல்கிறவர். அவரிடம் பெண் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தது.

"உன் மூஞ்சிய என்ன பண்றது?" என்று அவள் போனில் கவலைப்பட்டாள்.

"மீசை வச்சுக்கட்டுமா?"

"நாளைக்குள்ள வளருமா?"

வளராது. ஆகவே கடையிலேயே தடித்த கறுப்பு ஃபிரேம் ஒன்றைத் தேடி எடுத்து, பவர் இல்லாத கண்ணாடி போட்டுக்கொண்டு போனான். மாஸ்டர் கதவைத் திறந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"டிரெய்லர்ல இந்த வேஷமும் வருது தம்பி," என்றார்.

லென்ஸ் உள்ளே போய், கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். உத்தியோகம் என்ன, அப்பா அம்மா எப்படி என்று மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாலத்து மேல ரெண்டு பக்கமும் வழி இருக்கு. ஏன் குதிச்சீங்க?"

"நான் குதிக்கல சார். அந்த நடிகர்..."

"குதிச்சது இந்த மூஞ்சிதானே? இந்த மூஞ்சிய தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிர்ல வச்சுப் பாக்கணும்னா என்னால ஆகாது. பொண்ணு வாழ்க்கை. யோசிக்கணும்."

"அப்பா, நீங்க இன்னும் படமே பாக்கல!" என்றாள் மகள்.

"தெருவில பேசிக்கறது போதாதா?"

"பாக்காமலேயே ஃபெயில் போடுவீங்களா? லைசென்ஸுக்குக்கூட ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் முடிவு பண்றாங்க. வாங்க, மூணு பேரும் போவோம். பாத்துட்டும் பிடிக்கலன்னா நான் பேசல."

தொழிலை வைத்துப் பேசினால் மாஸ்டரால் மறுக்க முடியாது. "சரி. படம் பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்றார்.

இப்படியாக, முகம் தெரிந்த, முன்பின் தெரியாத ஒருவனின் நடிப்பில் லென்ஸின் கல்யாணம் தொங்கியது.

மாலைக் காட்சி. மாஸ்டருக்கு இடப்பக்கம் மகள், வலப்பக்கம் லென்ஸ். உளவாளி திரையில் வந்ததும் மாஸ்டர் நிமிர்ந்தார். "சட்டை பட்டன் போடல." லென்ஸ் அவசரமாகத் தன் காலர் பட்டனைப் போட்டான். உளவாளி பொய் சொன்னான். மாஸ்டர் லென்ஸைப் பார்த்தார். உளவாளி எதிரி நாட்டுக்காரி ஒருத்தியின் இடுப்பை வளைத்து நடனமாடினான். மாஸ்டர் முழு உடம்பையும் திருப்பினார்.

"யாரு அவ?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்."

"சார், உங்க வீட்டுப் பஞ்சாயத்த வெளியில வச்சுக்குங்க," என்றது பின்வரிசை.

இடைவேளையில் நிலைமை இன்னும் மோசமானது. பாப்கார்ன் வரிசையில் ஒரு கூட்டம் லென்ஸைச் சூழ்ந்துகொண்டது. "பழைய ஆளோட கால் தூசிக்கு வருமா?" என்றான் ஒருவன். "நீ போப்பா, இவருதான் மனுஷன் மாதிரி இருக்காரு," என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். "என்ன, கொஞ்சம் சாப்பிட்டுத் தேறணும். கல்யாணம் ஆயிடுச்சாப்பா?"

"அது ரெண்டாம் பாதியிலதான் தெரியும்," என்றான் லென்ஸ் பரிதாபமாக.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டபடி பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து நறுக்கென்று கடித்தார். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் துரத்தல் வந்தது. உளவாளி ஒரு ஓட்டை வண்டியில் மலைப்பாதை இறங்கினான், பின்னால் நான்கு கார்கள். மாஸ்டர் இருக்கையில் முன்னுக்கு நகர்ந்தார். பயிற்சி வண்டியில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே அவருடைய வலது கால் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் வளைவில் அந்தக் கால் தேடியது. இரண்டாம் வளைவில் லென்ஸின் ஷூ கிடைத்தது. ஓங்கி மிதித்தார்.

"கியரைக் குறை!" என்று திரையைப் பார்த்து அதட்டினார். "கண்ணாடியப் பாரு! பின்னால வரான்!"

லென்ஸ் வலியில் சீட்டின் கையைப் பிடித்தான்.

"அப்படித்தான். கையை எடுக்காத. பதறாத, நான் இருக்கேன்."

எதிரே லாரி. பாதையின் பாதியை மலை தின்றிருந்தது. மாஸ்டர் லென்ஸின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தியேட்டரே திரும்ப, கத்தினார்:

"மாப்பிள்ளை, ஹேண்ட்பிரேக்!"

உளவாளி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். வண்டி பம்பரமாகச் சுழன்று, லாரியை உரசி, தப்பியது. தியேட்டர் எழுந்து விசிலடித்தது.

"பாத்தீங்களா, சொன்னபடி கேக்கறான்," என்றார் மாஸ்டர் பின்வரிசையிடம், வேர்த்து விறுவிறுத்து. "நம்ம பழைய ஆளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், ஒரு தடவை கேட்டதில்ல."

இருட்டில் மகள் மெல்லச் சாய்ந்தாள். "அப்பா, மாப்பிள்ளைன்னு யாரைக் கூப்பிட்டீங்க?"

மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி ஓட்டறப்ப பேச்சுக் குடுக்காத."

லென்ஸின் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. மெதுவாக இழுத்தால் காலை விடுவித்துவிடலாம். அவன் இழுக்கவில்லை. மலை இறங்க இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.