நாச்சிமுத்து உள்ளே போகக் கூடாது

டவுன் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு வாகை மரம் உண்டு. அதன் அடியில் எந்நேரமும் மூங்கில் பத்தைகளும் முட்டைப் பற்று காய்ந்த துணிச்சுருள்களும் குவிந்து கிடக்கும். ஊரில் கை கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு, வலி அடங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிற சனம், அந்த மரத்தடியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுத்தான் உள்ளே போகும். 'நாட்டுக் கட்டுடன் வருவோருக்கு இங்கே வைத்தியம் கிடையாது' என்று வாசலில் கறுப்புப் பலகையே மாட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் அந்தப் பலகை மனப்பாடம்.

அந்தக் குவியலில் பாதி நாச்சிமுத்து போட்ட கட்டுகள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே அவர் வீடு. இடுப்புப் பிடித்துக்கொண்ட லாரி டிரைவர்கள் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வளைந்து வளைந்து வருவார்கள். குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் சடக்கென்று ஒரு திருப்பு. ஆள் எழுந்து நடந்துவிடுவான். முறிவுக்கு அவர் போடுகிற கட்டுக்குச் சுற்றுவட்டாரத்தில் 'நாச்சிமுத்து' என்றே பேராகிவிட்டது. "காலுக்கு நாச்சிமுத்து போட்டிருக்குதுங்க" என்பார்கள். எல்லாமே சரியாகக் கூடிவிட்டது என்று பொய் சொல்ல நான் வரவில்லை. கோணலாகக் கூடிய கைகளும் ஊரில் இரண்டொன்று உண்டு. ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லாம் நேராகக் கூடிவிடுகிறதா என்ன?

போன வருஷம், அதாவது எழுபத்தேழில், ஒரு பொம்பளையின் கை கட்டு இறுகிக் கறுத்துப் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கட்டியது வேறு யாரோ. ஆனால் பேர் தெரிந்தவன்தானே அகப்படுவான்? பெரிய டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் நாச்சிமுத்துவைக் கோவணத்தோடு குந்த வைத்தார்கள். வயசில் இளைய போலீஸ்காரன் ஒருவன் கன்னத்தில் அறைந்தான். டாக்டரே நேரில் வந்து, "இன்னொரு தரம் உன் கை பட்ட எலும்பு என் வாசலுக்கு வந்துச்சுன்னா, நீ வெளியில நடமாட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த பயம்தான். காக்கித் துணி என்றால் போதும், தபால்காரர் மணியடித்தால்கூட மனுஷன் புழக்கடைப் பக்கம் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் வாசலுக்குத்தான் ஆவணியில் ஒரு காலை நேரம் மணியனைத் தூக்கி வந்தார்கள்.

மணியன் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறவன். தார்க்குவியலின் உச்சியில் கால் வழுக்கி, மல்லாக்கத் தலைகீழாக விழுந்துவிட்டான். பெண்டாட்டி அங்கம்மாளும், அவள் தம்பி ராசுவும் அவனை மெட்டடார் வேனில் போட்டு வந்திருந்தார்கள். வேன் ராசு ஓட்டுவது.

"சாமி, கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்க. ஒரு திருப்புத் திருப்பி உட்டீங்கன்னா எந்திரிச்சுக்குவாருங்க" என்றாள் அங்கம்மாள்.

நாச்சிமுத்து வேனுக்குள் ஏறி, மணியனின் பிடரிக்குக் கீழே விரலை மெல்ல நுழைத்தார். நுழைத்த விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி வெளியே எடுத்தார்.

"கால் வெரலை ஆட்டு பாக்கலாம் அப்புனு."

ஆட்டினான்.

"கையெல்லாம் எறும்பு ஓடுதுங்க" என்றான் மணியன். கண்ணில் நீர் வழிந்தது.

நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. எலும்பு விலகி நிற்கிறது. இப்போதைக்குக் கால் உயிரோடு இருக்கிறது. தலை ஒரு விரற்கடை புரண்டாலும் போச்சு, அப்புறம் இவன் கழுத்துக்குக் கீழே கட்டைதான்.

"இது நம்ம கை வேலை இல்லைங்க அம்மணி. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுட்டுப் போகோணும். தலை அசையவே கூடாது."

"அங்கியா? போற வழியிலே என்னமாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆகாம நான் கட்டித் தாரேன்" என்று சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது.

அவர் மனைவி சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? போன வருசம் வாங்குனது பத்தலையா?" என்று பல்லைக் கடித்தாள். கடித்தாளே ஒழிய, சமையலறைக் கதவைக் கழற்ற அவர் போனபோது கூடவே வந்து கீல் ஆணியைப் பிடுங்கியவளும் அவள்தான். மஞ்சள் நனைத்த கட்டுத்துணியை அவர் எடுக்கப் போனதும், "அதைக் கண்டா நீங்கன்னு தெரிஞ்சு போயிருமுங்க" என்று தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

கதவின் மேல் மணியனைப் பூப்போலப் புரட்டிக் கிடத்தினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய பை. நெற்றி, மோவாய், தோள், இடுப்பு, முழங்கால் என்று கதவோடு கதவாகச் சேர்த்துக் கட்டினார் நாச்சிமுத்து. கட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். துணி மாறியிருந்தது, முடிச்சு மாறவில்லை. இடது பக்கம் காது மாதிரி வளையம் விட்டு இழுத்த, அவர் கட்டுக்கே அடையாளமான அதே முடிச்சு. எத்தனையோ வருஷம் பழகிய கை, வேறு முடிச்சுப் போடச் சொன்னால் போடுமா?

"நானும் வாரேன்" என்றார். வாகை மரத்தடியில் தான் நின்றால்தான் அவிழ்க்க விடாமல் தடுக்க முடியும். அதை மட்டும் செய்துவிட்டு, வாசலைத் தாண்டாமல் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

வேன் மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. பள்ளம் வரும்போதெல்லாம் நாச்சிமுத்து மணியனின் கால் விரலைத் தொட்டு, "ஆட்டு கண்ணு" என்பார். அவன் ஆட்டுவான். அவருக்குப் போன மூச்சுத் திரும்பி வரும். காவிரித் தண்ணீர் பாய்கிற கரும்பும் வாழையும் பின்னால் போய் மேட்டாங்காடு வந்தது. டவுன் கிட்டே வர வர அவர் கண் அந்த முடிச்சிலேயே நின்றது. டாக்டர் அந்த முடிச்சைப் பார்ப்பார். பார்த்ததும் ஆள் அனுப்புவார். மறுபடியும் கோவணம், மறுபடியும் அந்தச் சிமிட்டித் தரை.

ஆஸ்பத்திரி ரோடு திரும்புகிற முக்கில் ராசு வேகத்தைக் குறைத்தான். நாச்சிமுத்து தலையை நீட்டிப் பார்த்தார். வாசலில், பலகைக்கு நேர் கீழே, இரண்டு போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த அடிதடிக் கேசுக்கு வந்தவர்களோ! அவருக்கு அதெல்லாமா தோன்றும்?

"நிறுத்து ராசு, நிறுத்து!" என்று வேன் நிற்பதற்குள் குதித்துவிட்டார். அங்கம்மாள் திகைத்துப் பார்த்தாள்.

"அம்மணி, தலை அசையாமப் பாத்துக்கோ. நாச்சிமுத்துங்கற பேச்சே அந்த வாசலுக்குள்ள போகக் கூடாது. உனக்குப் புண்ணியமாப் போகும். என்னைக் காட்டிக் குடுத்துராதே!"

"என் உசுரே போனாலும் காட்டிக் குடுக்கமாட்டேனுங்க சாமி" என்றாள் அவள்.

வேன் போய்விட்டது. கட்டை அவிழ்க்காதே என்ற ஒரு சொல்லைத் தான் சொல்லவே இல்லை என்பது, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து ஓட நினைத்தார். வாசலில் நின்ற காக்கி விட்டால்தானே? கரூர் பஸ் ஒன்று வந்து குறுக்கே நின்று, மரத்தையும் வாசலையும் சேர்த்து மறைத்துக்கொண்டது. தலை அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறோமே, அதற்கு அர்த்தம் தெரியாதா, அப்படியே கதவோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கையில் வாங்கிய டீ ஆறி ஆடை கட்டியது.

பஸ் நகர்ந்தது.

வாகை மரத்தில் அவர் வீட்டுச் சமையலறைக் கதவு சாய்ந்து நின்றது. வெறும் கதவு. சௌந்திரத்தின் நீலச் சேலைக் கிழிசல்கள் அதிலிருந்து தொங்கிக் காற்றில் ஆடின.

"அடக் கெரகமே!" என்று அலறிக்கொண்டு ஓடினார். போலீஸ், பலகை எதுவும் அப்போது கண்ணில் படவில்லை. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அங்கம்மாள் வேகமாக வந்தாள். அவரைக் கண்டதும் பதறிப்போய்க் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

"நீங்க ஏனுங்க இங்க வந்தீங்க? போலீசு நிக்குது. ஒண்ணும் பயப்படாதீங்க. நாச்சிமுத்துவை உள்ளயே கொண்டுட்டுப் போகலைங்க. இங்கயே அவுத்துப் போட்டுட்டோம். தலை அசையாம நான் ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டேன், ராசுவும் இன்னும் மூணு பேரும் கைகாலைப் புடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. உங்க பேரு வெளியவே வரலை."

அவர் கண் வெறும் கதவின் மேலேயே இருந்தது.

"டாக்டரு என்னைய வஞ்சாருங்க. இப்படியா அள்ளிப் போட்டுட்டு வருவீங்க, கழுத்து முறிஞ்சவனை ஒரு பலகையிலயாச்சும் கட்டிக் கொண்டாரக் கூடாதான்னு. யாராச்சும் தொட்டாங்களான்னும் கேட்டாரு. யாருமே தொடலைங்க, உழுந்த எடத்துல இருந்து நேரா வாரோம்னு சத்தியம் பண்ணிப்போட்டேன்." அவள் குரல் இறங்கியது. "ஆனா, கால் வெரலு ஆட மாட்டேங்குதுங்க. கிள்ளுனாலும் தெரியலைங்கறாரு. உள்ள என்னமோ பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குது. கூட்டம் கொறஞ்ச பொறவு நீங்க வந்து ஒரு தரம் தொட்டுப் பாக்கறீங்களா சாமி?"

நாச்சிமுத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார். இவளை என்னவென்று திட்டுவது? இவள் தன் புருஷனின் காலைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று நினைத்தார். டாக்டர் விழுந்தபோதே கால் போனவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தடி வரைக்கும் கால் ஆடியது, இப்போதுதான் போனது என்று யாராவது சொல்ல வேண்டாமா? சொன்னால் ஒருவேளை ஏதாவது செய்வாரே!

கதவிலிருந்து ஒரு நீலக் கிழிசலை முடிச்சோடு உருவிக்கொண்டு நடந்தார். போலீஸ்காரர்களைத் தாண்டும்போது உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. நின்றால் விழுந்துவிடுவோம் என்று நிற்காமலே போனார். அங்கம்மாள் "சாமி, சாமி" என்று பின்னாலேயே ஓடிவந்தாள்.

மணியனைச் சுவரோரம் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். பெரிய டாக்டர் உணர்ச்சி இருக்கிறதா என்று அவன் பாதத்தைச் சாவியால் கீறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் காயம்பட்ட கும்பல், அழுகை, கூச்சல்.

"ஐயா" என்றார் நாச்சிமுத்து. "இவனுக்குக் காலையில வெரலு ஆடுச்சுங்க. வேன்ல வாரப்ப பூராவும் ஆடுச்சு. நாந்தான் கதவுல வெச்சுக் கட்டுனனுங்க. வெளிய மரத்தடியில அவுத்த பொறவுதான் போயிருக்குது. இப்பத்தான் போச்சுங்க ஐயா. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, அவனைப் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்தார். போன வருஷம் கோவணத்தோடு குந்தியிருந்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்தவனுக்குத்தான் முகம் மறக்காது. அவர் நீலத்துணியைப் பார்த்தார். பிறகு அங்கம்மாளைப் பார்த்தார்.

"யாருமே தொடலைன்னு சத்தியம் பண்ணியேம்மா? இந்த ஆள் கட்டினேங்கிறான். நிஜமா? எப்ப கால் போச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியணும்."

அங்கம்மாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். வாசலில் எட்டிப் பார்த்த காக்கிச் சட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க சார்" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு உழுந்தப்பவே காலு போயிருச்சுங்க."

மணியன் வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தான். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"யோவ், போய்யா வெளியே" என்றார் டாக்டர். ஒரு சிப்பந்தி நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். வாசற்படியில் அவர் திரும்பிப் பார்த்தபோது, டாக்டரின் முதுகுக்குப் பின்னால் அங்கம்மாள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பயப்படாமல் போங்க சாமி என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.