வெந்த சுருள்

தம்பிக்கு இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆஸ்பத்திரியின் சின்ன லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாததால், இறந்துபோன அண்ணனை மூன்றாம் மாடியிலிருந்து படிவழியே இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் தம்பி. கால்மாட்டில், அண்ணனோடு பதினெட்டு வருடம் காந்தச் சுருள் சுற்றிய கூட்டாளி.

"பார்த்து, இன்ஜினியர். பேனா பிடிச்ச கை, வழுக்கிடப்போவுது."

கூட்டாளி கிண்டலாகச் சொன்னார். தம்பி அடுத்த படிக்கு இறங்கினான்.

துகள் முடுக்கிக்குக் காந்தம் செய்யும் கூடத்தில்தான் மூவருக்கும் வேலை. அண்ணன் சுற்றுவார், தம்பி சோதிப்பான். சுற்றுவது கம்பியல்ல, மீக்கடத்தி நாடா. காகிதம் மாதிரி மெல்லிசு. திரவ நைட்ரஜன் குளிரிலேயே தடையில்லாமல் மின்சாரம் கடத்தும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது விதி. அண்ணன் மட்டும் வெறும் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும் என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுருள் சோதனையில் வெந்துபோனது. இந்த நாடா ஓரிடத்தில் சூடானால் சூடு அங்கேயே நிற்கும், சட்டென்று பரவாது. மின்னழுத்தம் ஏறுவது மீட்டரில் தாமதமாகத்தான் தெரியும். அதனால் துளி ஏறினாலே மின்சாரம் நின்றுவிடும்படி வரம்பு வைத்திருப்பார்கள். அன்று காரணமில்லாமல் நின்று நின்று போனது. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வரம்பை ஐந்து மடங்கு ஏற்றிவைத்தான். சுருள் வெந்த பிறகு, யாரும் பார்க்குமுன் பழையபடி இறக்கினான்.

அறிக்கையையும் அவன்தான் எழுதினான். வெறும் விரல் பட்டதால் நாடாவில் அழுக்கு என்று எழுதினான். அண்ணன் மறுக்கவில்லை. தொட்டது உண்மைதானே. அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். பின்னால் துணிப்பையோடு வந்த அண்ணி படியிலேயே உட்கார்ந்தாள்.

"அழுக்குக் கை, அழுக்குக் கைன்னு கழுவிக்கிட்டே கெடந்தாரு தம்பி. புள்ளையோட நோட்டைக்கூடத் துணியாலதான் புடிச்சுத் தூக்குவாரு."

கூட்டாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணியே தொடர்ந்தாள்.

"நேத்து என்னைக் கூப்பிட்டு, என் விரல்தானான்னு தம்பியை ஒரு தடவை கேட்டுச் சொல்லுன்னாரு. கேட்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்களுக்குத் தெரியாம இருக்காது. அவரு விரல்தானா தம்பி?"

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"வண்டி நிக்குது அண்ணி," என்றான் தம்பி. குனிந்து கைப்பிடியைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு கூட்டாளி கிண்டல் பேசவில்லை. அவனை இன்ஜினியர் என்றும் கூப்பிடவில்லை.

வாசலில் வண்டிக்காரன் நீட்டிய தாளில் உறவு என்ற இடத்தில் 'உடன்பிறந்தவன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வண்டிக்குள் ஸ்ட்ரெச்சரை ஒட்டி ஒரே ஒரு பலகை. அண்ணி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் விளிம்பில் உட்கார்ந்தான்.

அவளுக்கு அவன் சொல்லவேண்டிய ஒரு பதில் பாக்கி: அண்ணன் விரல் இல்லை, வரம்பை ஏற்றியது நான்.