சக்கரம் இறங்கவில்லை

தாமோதரனுக்கு அந்த விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். அதை ஓட்டும் இரண்டு பேரில் ஒருத்தி தன் மகள் மகிழினி. யாரோ ஒரு முதலாளியின் சொந்த விமானம், ஆறு பேர் உட்காரலாம். இதை நெட்டுக்குப்பத்தில் நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் தேய்த்துவைத்திருந்தார் மனுஷன்.

அன்று காலை பதினோரு மணிக்கு முகத்துவாரத்தில் அவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி பச்சையம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"யோவ், ஆபீசுலேர்ந்து போன் வந்துச்சி. மகிழினி பிளேனுக்கு ஒரு பக்கத்துச் சக்கரம் எறங்கலியாம். பெட்ரோலு தீர்ற வரிக்கும் கடலுக்கு மேலயே சுத்திகினு கீறாங்களாம். பயப்பட வாணாம்னு சொன்னாங்க."

பயப்பட வேண்டாம் என்று போன் போட்டுச் சொன்னால் எந்த அப்பன் பயப்படாமல் இருப்பான்? தாமோதரன் நிமிர்ந்து பார்த்தார். கிழக்கே, கடலுக்கு மேல், வெள்ளையாக ஒன்று மெல்ல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"கடல்லதான் எறக்கப் போறாங்க," என்றார்.

அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. சக்கரம் இல்லாமல் எவனாவது தரையில் இறங்குவானா? தண்ணீர் என்றால் தாங்கும். அவரே மூன்று முறை படகோடு கவிழ்ந்திருக்கிறார், மூன்று முறையும் ஆட்கள் வந்து தூக்கிப் போட்டார்கள். கடலில் விழுந்தவனுக்குப் பக்கத்தில் ஒரு படகு இருந்தால் போதும் என்பதுதான் அந்தக் குப்பம் அறிந்த பாடம்.

"மாமு, எல்லா போட்டையும் எறக்கு!" என்று கூட்டாளி வேலப்பனைப் பார்த்துக் கத்தினார்.

கால் மணி நேரத்தில் பதினேழு படகுகள் கிளம்பின. காணாமல் போனவனைத் தேடும்போது செய்வதுபோல, கூப்பிடு தூரம் விட்டு, விமானம் சுற்றும் இடத்துக்குக் கீழே வளைத்து நின்றார்கள். இஞ்சினை அணைத்து, கயிறும் டியூபும் தயாராக வைத்தார்கள். பாலித்தீன் கவருக்குள் இருந்த போனில் எப்போதோ டவர் போயிருந்தது.

விமானம் ஒருமுறை நன்றாகத் தாழ வந்தது. ஒரு பக்கம் சக்கரம் தொங்கியது, மறுபக்கம் ஒன்றுமில்லை. கையைவிட்டு இழுத்துவிட்டால் வந்துவிடும் போலிருந்தது அவருக்கு. எட்டினால்தானே?

"இங்கதான் கீறேன் கண்ணு, எறங்கு, நான் புடிச்சிக்கிறேன்!" என்று இரண்டு கையையும் நீட்டிக் கத்தினார். அது வந்தபோதெல்லாம் கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து விமானம் வட்டத்தை விட்டு, தென்மேற்கே திரும்பி, ஊருக்கு மேல் மீனம்பாக்கம் விமான நிலையத்தைப் பார்த்துப் போனது.

"அங்க இன்னாத்துக்குப் போறா? அங்க தரையாச்சே மாமு!"

படகு தண்ணீரில்தானே ஓடும். யார் யார் பிள்ளைகளையோ கடலிலிருந்து தூக்கிப்போட்ட மனுஷன், தன் பிள்ளை போன திசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கரை நெருங்கும்போது போன் அடித்தது. எடுக்கப் பயந்து வேலப்பனிடம் நீட்டினார். அவன் காதில் வைத்துவிட்டு, கண் கலங்க இவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நைனா, எறங்கிட்டோம்," என்றாள் மகிழினி. "ஒரு பக்கமா சாஞ்சி தேச்சிகினே போய் நின்னுச்சி. கையில கொஞ்சம் அடி, அவ்ளோதான்."

தாமோதரன் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மேலேர்ந்து உன்னப் பாத்தேன் நைனா. பதினேழு போட்டு, ரெண்டு தபா எண்ணினேன். நாங்க அங்க எறங்க மாட்டோம்னு எனக்குத் தெரியும். நீ கைய நீட்டிகினே நிக்கிற." அதுவரை நிதானமாகப் பேசியவள் உடைந்து அழுதாள். "ஏர்போர்ட்டாண்ட பேச முடியுது, உன்னாண்ட சொல்லத்தான் ஒரு வழியும் இல்ல. சக்கரத்துக்குக்கூட நான் அவ்ளோ பயப்படல நைனா. நாங்க திரும்பிப் போறத பாத்துகினு நீ இன்னா ஆவியோன்னுதான்..."