வாடகைக்காரர்களுக்கு நகரும் சாவடி

சொந்த வீட்டுக்காரர்களுக்கு மூன்று நிமிட நடையில் இருக்கும் வாக்குச்சாவடி, வாடகை வீட்டில் இருப்பவர்கள் கிளம்பினால் பின்னால் நகர்ந்துவிடும். அந்தப் பகுதியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பட்டதாரி என்றால் கொஞ்சம் மெதுவாக நகரும். கைக்குழந்தைக்காரி என்றால் ஓட்டமெடுக்கும். விடுதிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் ஒருத்தி கடந்த மூன்று தேர்தல்களிலும் காலை ஷிப்ட்டை முடித்த கையோடு நடையாய் நடந்தாள். சாவடி இருந்த பள்ளிக்கூடத்தின் மஞ்சள் சுவர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். அவள் கால் வீங்கி வீடு திரும்புவாள். அவள் தெருவுக்குக் குடிநீர்க் குழாயும் வரவில்லை. ஓட்டே விழாத தெருவுக்குக் குழாய் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கவுன்சிலர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது தேர்தல் முடிந்ததும் கணக்கெடுப்பாளர் ஒருவர் படிவத்தோடு வந்தார். வயது, படிப்பு, வருமானம், எத்தனை வீடு மாறினாள் என்பதெல்லாம் கேட்டார். ஏன் ஓட்டுப் போடவில்லை என்பது கடைசிக் கேள்வி.

"நான் நடந்தேன் சார். சாவடியும் நடந்துச்சு."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லம்மா. ஆர்வமில்லைன்னு போட்டுக்கவா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்வமில்லாதவளுக்கா இப்படிக் கால் வீங்கும்? அவர் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஆர்வத்தை வளர்க்கப் பேரணி நடந்தது, தொப்பி கொடுத்தார்கள். அந்த எரிச்சலில் அவள் மறுநாள் காலையே அடுத்த தேர்தலுக்குக் கிளம்பிவிட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு" என்று அக்கா வழிமறித்தாள்.

அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். வழியில் இருந்த வீடுகளில் இஸ்திரி போட்டுச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டிவிட்டு, சாவடி இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரித்துப் போனான். நான்காம் வருடம் பள்ளிக்கூடத்துக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாம் வருடம், தேர்தலன்று காலை ஏழு மணிக்கு, அவள் மஞ்சள் சுவரில் கை ஊன்றி வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

அதிகாரி பட்டியலை இரண்டு தடவை புரட்டினார். "பேர் இல்லையேம்மா. அஞ்சு வருஷமா நீங்க வீட்டுல இல்லைன்னு எடுத்துட்டாங்க."

அவள் கத்தவில்லை. கத்தி என்ன ஆகப்போகிறது? திரும்பப் பேர் சேர்க்க எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.

"பக்கத்துலதான். ரெண்டு நிமிஷ நடை."

அவள் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு, வீட்டுக்கு வர மூன்று வருடம் ஆகும் என்று கணவனுக்குப் போன் செய்தாள்.