குலுக்கிக் கொடுக்கவும்

1

இது கதையாகப் பிறந்தது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு கொழும்பு கொட்டாஞ்சேனையில் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு வைத்தியர், தாய்மார் கையில் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொன்னார். “நீங்கள் எழுதுகிற ஆள்தானே, ஒரு பக்கம்தானே” என்றார். ஒரு பக்கம்தானே என்று எழுதுகிறவர்களிடம் சொல்பவர்கள் எல்லோரும் ஒருமுறை அந்த ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்க வேண்டும். கேட்ட விஷயம் எளிது: பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீர் மருந்து, அதாவது அன்ரிபயோட்டிக் பாணி, அதைப் பிழையில்லாமல் கொடுப்பது எப்படி?

எழுதினேன்.

“அன்பார்ந்த தாய்மாரே, நுண்ணுயிர்க்கொல்லி எனப்படுவது—”

(வேண்டாம். இந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.)

“பிள்ளைக்குச் சுகமானது போலத் தெரிந்தாலும் மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள்.”

இது நன்றாக இருந்தது. முற்றுப்புள்ளி வைத்தேன். வைத்த கையோடு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு “ஏன்?” என்று கேட்டாள். மிச்சக் கிருமி மறுபடி தலைதூக்கும், அடுத்தமுறை மருந்துக்கு அடங்காது என்று காரணம் சொன்னேன்.

“அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்” என்றாள்.

பிரசுரம் அந்த இடத்தில் கெட்டுப்போனது. அவள் பெயரைச் சரோஜினிதேவி என்று வைத்தேன்.

2

தொடக்கங்கள் சில:

(அ) “கொழும்புத் துறைமுகத்தின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது—” மழைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாத நேரத்தில் நான் மழையைக் கூப்பிடுவது வழக்கம்.

(ஆ) “சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி—” துப்பாக்கியைத் தொடக்கத்தில் வைத்துவிட்டால் நீங்கள் கடைசிவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு நீங்கள் மருந்துப் போத்தலைப் பார்க்க வேண்டும்.

(இ) “அருந்ததி மருந்தைத் துப்பினாள்.” இது சரி. இப்படியே போகலாம்.

3

அருந்ததி மருந்தைத் துப்பினாள். அம்மா சரோஜினியின் சட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு வரைபடம் விழுந்தது.

அவளுக்கு நாலு வயது. இரண்டு நாளாகக் காதுக்குத்து, உள்ளே குத்திக் குத்தி வலி. காதைப் பொத்திக்கொண்டு, யார் கிட்ட வந்தாலும் காலால் உதைத்துக்கொண்டு கிடந்தவளை வைத்தியர் ஒருவழியாகப் பிடித்து, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒரு நாளைக்கு மூன்று தரம், ஏழு நாள் என்று மருந்து எழுதினார். மருந்து கொடுக்கும் மிஸ் நீட்டிய போத்தலில் அடியில் தூள் மட்டும்தான் இருந்தது.

“கொதிச்சு ஆறின தண்ணி. இந்தக் கோடு வரைக்கும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கரைச்ச பிறகு பிரிட்ஜிலை வையுங்கோ, ஐஸ் கட்டுற தட்டிலை இல்லை. நல்லாக் குலுக்கி இந்தக் கரண்டியாலைதான் குடுக்கோணும். முடியும் வரைக்கும்.”

சரோஜினி எல்லாவற்றுக்கும் “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று தலையாட்டினாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்காதவள் அல்ல.

பிரிட்ஜ் அவளிடம் இல்லை. கீழே ஐறீனிடம் இருந்தது. சரோஜினியும் கணவனும் மகளும் குடியிருந்தது ஐறீன் வீட்டு மேல்மாடி அறையில். ஐறீன் அந்தச் சின்னத் தெருவின், ஒழுங்கையின், பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கெற் விற்பவள். அந்த வருடம் நாடு முழுக்கக் கறண்ட் வெட்டு என்பதால் அவளுடைய ஐஸ் பக்கெற்றுகள் பாதி நேரம் சர்பத்தாகவே விலைப்பட்டன. மருந்துப் போத்தலைத் தன் தேசிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் சட்டம் போட்டாள்: “கறண்ட் இல்லாத நேரம் மருந்துக்கு மட்டுந்தான் இந்தக் கதவு தொறக்கும். வேற யாராச்சும் தொட்டா கைய முறிப்பேன்.” அவளுடைய புருஷன் தண்ணீர் குடிக்கவும் பயந்துபோனார்.

துப்பியதைக் கண்ட ஐறீன்தான் அடுத்த வேளைக்கு மூடியை இறுக்கிப் போத்தலை அருந்ததியின் கையில் கொடுத்தாள்.

“நீங்க குலுக்கித் தந்தாத்தான் இந்த மருந்து வேல செய்யும்.” *

அருந்ததி போத்தலை மட்டுமா குலுக்கினாள்? தலை, தோள், இடுப்பு, காற்சட்டை எல்லாம் சேர்ந்து குலுங்கியது. குலுக்கி முடித்துக் களைத்து வாயைத் திறந்தாள். மருந்து உள்ளே போனது. அதற்குப் பிறகு துப்பல் இல்லை. தான் செய்த சமையலை யார் துப்புவார்கள்?

* இது பொய் அல்ல. அடியில் தங்கியதைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் கரண்டி தண்ணீர், கடைசிக் கரண்டி மருந்து. பிள்ளைகளிடம் மருந்தை இனிப்பு என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம் என்பதும் பிரசுரத்தில் வர இருந்த ஒரு வரி. ஐறீன் அதை வாசிக்காமலே செய்தாள்.

4

ஐறீனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்லவளாக ஒரு வீட்டுக்காரியைக் கொழும்பில் யாராவது நம்புவார்களா? அதனால் ஒரு குறையைக் கொடுக்கிறேன்: அவளுக்கு எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரிந்தாக வேண்டும். இந்தக் குறை இல்லாவிட்டால் கதை நகராது.

சரோஜினியின் கணவர் கதிர்காமநாதன் துறைமுகத்தில் கிளார்க். கதை முடியும்வரை அவரை வேலையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரவிட்டால் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். நல்ல மனிதர்.

இனிக் கட்டிலின் கீழே குனிய வேண்டும். அங்கே ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் பிஸ்கட் இல்லை. பாதி தீர்ந்த பனடோல் அட்டை, புண்ணுக்குப் பூசும் களிம்பு, கட்டுத்துணி, இருமல் மருந்து. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் இருந்த அநேகம் வீடுகளில் அப்படி ஒரு ரின் இருந்தது. இங்கே ஒருவருக்குச் சுகமானால் மிச்சம் அங்கே இருப்பவர்களுக்கு. போர்த் தடையால் வவுனியாவைத் தாண்டி மருந்து போவது குதிரைக்கொம்பாக இருந்த காலம். யாராவது போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ரின் திறக்கும்.

சரோஜினியின் தங்கை மலர் சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் இருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகன் துவாரகனுக்கும் காதுதான் தொல்லை, அடிக்கடி சீழ் வடியும். சரோஜினி அவனைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறாள்.

நாலாம் நாள் காலை அருந்ததி நொண்டிக்கோடு விளையாடினாள். காதைத் தொட்டால் கூச்சத்தில் சிரித்தாள். சரோஜினிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பிறகு போத்தலைப் பார்த்தாள். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. ஜிந்துப்பிட்டியில் கடை வைத்திருந்த இராமர் நாளை மறுநாள் கிளிநொச்சிக்குப் போகிறார், மனைவி வீட்டாரைப் பார்க்க.

மிஸ் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் சுகமான பிள்ளையின் வாயில் ஊற்றும் ஒவ்வொரு கரண்டியும் துவாரகனின் வாயிலிருந்து பிடுங்கியதுபோல அவளுக்குப் பட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

அன்று மத்தியானம் அவள் மருந்தெடுக்கக் கீழே போகவில்லை.

5

“அம்மா, குலுக்கேல்லையோ?”

“இனி வேண்டாம் குஞ்சு. உங்களுக்குத்தான் சுகமாச்சே. மிச்சம் துவாரகன் தம்பிக்கு.”

இங்கே சரோஜினி ஒன்றை மறந்துபோனாள். மருந்து முடிந்தாலும் முடியாவிட்டாலும் அருந்ததிக்கு அதில் ஓர் உத்தியோகம் இருந்தது. உத்தியோகம் போனவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அம்மா உடுப்புக் காயப்போட்ட நேரம் பார்த்து அவள் படியிறங்கி ஐறீன் முன்னால் போய் நின்றாள்.

“அன்ரி, நான் குலுக்க வந்தனான்.”

“அம்மா எங்க?”

“அம்மா மருந்தைத் தம்பிக்கு வைச்சிருக்கிறா. நான் குலுக்கித் தந்தாத்தானே அவனுக்கும் வேலை செய்யும்?”

ஐறீனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. படிக்கட்டின் அடியில் நின்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காகமும் எழும்பியது.

“சரோ! கொஞ்சம் கீழ வாங்க!”

சரோஜினி நனைந்த கையோடு வந்தாள். மகளைக் கண்டாள், விளங்கிவிட்டது.

“மருந்து மிஸ் என்ன சொன்னாங்க?” என்று ஐறீன் கேட்டாள்.

“முடியும் வரைக்கும் குடுக்கச் சொன்னவ.”

“அப்புறம்?”

“அவவுக்கு அங்கை தங்கச்சி இல்லை, ஐறீன் அக்கா.”

இந்த இடத்தில் ஐறீன் பேசுவதற்காகப் பிரசுரத்திலிருந்து நல்ல வரிகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். “ஒரு பிள்ளைக்கு எழுதிய மருந்தை இன்னொரு பிள்ளைக்கு—” ஐறீன் அதில் ஒன்றைக்கூடச் சொல்ல மறுத்துவிட்டாள். பிறகு பிரிட்ஜைத் திறந்து போத்தலை எடுத்து சரோஜினியின் கையில் வைத்தாள்.

“காலையில போன கறண்ட் இன்னும் வரல்ல. தொட்டுப் பாருங்க. இதுக்குள்ளேயே குளிர் விட்டுருச்சு. இராமர் அண்ணன் பையில, அந்த வெயில்ல, எத்தன நாளைக்கு இது மருந்தா இருக்கும்? கெட்டுப்போனதத்தான் தம்பிக்குக் குடுக்கப்போறீங்களா?”

சரோஜினி போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அங்கே போய்ச் சேர்ந்தாலும் அவனுக்கு உதவாது, இங்கே நிறுத்தினால் இவளுக்கும் உதவாது. அவள் அழுதாள். பிள்ளைக்கு மருந்தைக் கொடுக்காமல் விட்டதற்காக அல்ல, அங்கே அனுப்ப ஒன்றும் இல்லையே என்பதற்காக.

“அம்மா, நான் குலுக்கட்டோ?”

மூக்கைத் துடைத்துக்கொண்டு போத்தலைக் கொடுத்தாள். அருந்ததி குலுக்கினாள். தவறவிட்ட வேளைக்கு ஒரு கரண்டி. பிந்திவிட்டதே என்று இரண்டாக ஊற்றவில்லை.

6

இப்போது என் மேசையில் மூன்று முடிவுகள் கிடக்கின்றன.

முதலாவது: சரோஜினி பிடிவாதமாக நிறுத்திவிடுகிறாள், காதுக்குத்து திரும்பி வருகிறது, வைத்தியர் ஏசுகிறார். பிரசுரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது. ஒரு தாய்க்குப் பாடம் படிப்பிக்க நாலு வயதுப் பிள்ளையின் காதில் குத்துவதா? கிழித்தேன்.

இரண்டாவது: இராமர் அந்தக் கரைத்த போத்தலோடு—

(இதை நான் எழுதமாட்டேன்.)

மூன்றாவது நடந்தது. ஏழு நாளும் முடிந்தது. கடைசிக் கரண்டிக்கு ஐறீனின் புருஷனும் வந்து நின்று கைதட்டினார், இனிப் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம் என்ற சந்தோஷம் அவருக்கு. இராமருடைய பயணம் அனுமதிக்காகச் சில நாள் தள்ளிப்போனது. (ஓம், நான்தான் தள்ளிவைத்தேன். எழுதுகிறவருக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?)

7

காதை மறுபடி காட்டப் போனபோது சரோஜினி வைத்தியரிடம் துணிந்து கேட்டுவிட்டாள்.

“டொக்ரர், கரைக்காத போத்தல் ஒண்டு தருவீங்களோ? தங்கச்சியின்ரை மகனுக்கு.”

“நான் காணாத பிள்ளைக்கு எப்பிடி அம்மா மருந்து தாறது? எடை தெரியாது, காதிலை என்னெண்டும் தெரியாது. சில பிள்ளையளுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடிக்கும்.”

அவள் எழும்பப் போனாள்.

“இருங்கோ. கிளிநொச்சியிலை டொக்ரர் ஒருத்தர் நிக்கிறார். பிள்ளையள் இருக்கினம், மருந்துதான் இல்லை. மூடி உடைக்காத போத்தல் ஒண்டு தாறன், கடிதமும் தாறன். அவரின்ரை கையிலை சேர்ப்பியுங்கோ. எந்தப் பிள்ளைக்குத் தேவையெண்டு அவர் பாத்துக் குடுப்பார்.”

“துவாரகனுக்கு இல்லாமலும் போகலாமோ?”

“போகலாம்.”

இந்த இடத்தில் என் பேனா வெகுநேரம் நின்றது. ‘உடனே சம்மதித்தாள்’ என்று எழுதிவிட்டு வெட்டினேன். அவள் உடனே சம்மதிக்கவில்லை. மடியிலிருந்த மகளின் காதோரம் மயிரை ஒதுக்கினாள். அந்தக் காது சுகமாக, சும்மா ஒரு காதாக இருந்தது. அங்கே மலரைப் போல வேறொருத்தியும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பாள்தானே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தோன்றிவிட்டது.

“தாங்கோ டொக்ரர். ஆரின்ரை பிள்ளையெண்டாலும் காது காதுதானே.”

8

பிரசுரத்தை ஒருவழியாக எழுதிக் கொடுத்தேன். வைத்தியர் வாசித்துவிட்டு, “நல்லாயிருக்கு, ஆனால் இந்தக் குலுக்குற பிள்ளை என்னத்துக்கு?” என்று கேட்டார். அவளை எடுத்துவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன் என்று சொன்னேன். விட்டுவிட்டார்.

போத்தல் இப்போது இராமருடைய பையில், அவர் உடுக்கும் சாரத்தில் சுற்றியபடி இருக்கிறது. பஸ் வவுனியாவைத் தாண்டி நிற்கிறது. சோதனைச் சாவடியில் வரிசை நீளம். பையைத் திறக்கச் சொல்கிறார்கள். கடிதத்தை வாங்கிப் பார்க்கிறார்கள்.

நான் இதற்கு அப்பால் போகமாட்டேன். விடுவார்களா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். விடுவார்கள் என்றுதான் முடிவு செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் என்னோடு வந்தவர் நீங்கள். மருந்து போய்ச் சேரும் பிள்ளைக்கு நான் பெயர் வைக்கவில்லை, அதுவும் உங்கள் பொறுப்பு. துவாரகன் என்று வைத்தாலும் சரி, வேறு எது வைத்தாலும் சரோஜினி கோபிக்கமாட்டாள்.

முடிவைத் தூளாகவே தருகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கோடு வரைக்கும் ஊற்றுங்கள். மூடியை இறுக்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள், குலுக்கட்டும்.