தம்பிக்கு இன்றைய அணியில் இடம்

என் தம்பியைப் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறாள் என் மருமகள் என்று மகன் காலையில் சொன்னான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கிளப்புக்குப் போனேன்.

தம்பி கால்பந்தை விட்டு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. நடுக்களத்தில் அவனைக் 'கடிவாளம்' என்பார்கள். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் இருபத்திரண்டு பேரும் அவன் நினைத்த வேகத்தில்தான் ஆட முடியும். அதே மைதானத்தின் புல்லுக்கு முப்பத்தொரு வருடம் நான் பொறுப்பாக இருந்தேன். இப்போது மருமகள் அங்கே வீடியோ அனலிஸ்ட். ஆட்டப் பதிவுகளைப் பார்த்து யார் எவ்வளவு ஓடினார், எத்தனை பாஸ் கொடுத்தார் என்று எண்ணுவது அவள் வேலை. அந்தக் காலக் கடிவாளம் அப்படியே இன்றைய அணிக்குள் வந்தால் எங்கே ஆடுவார் என்று கிளப் சானலில் ஒரு நிகழ்ச்சி. நான்கு மணிக்குப் பதிவு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அவள்.

அவள் அறை கேலரிக்கு அடியில் இருக்கிறது. மூன்று திரைகள், ஒரு ஜன்னல், சக்கரம் வைத்த இரண்டு நாற்காலிகள். உருளும் நாற்காலியில் நான் உட்காருவதில்லை. நின்றே கேட்டேன்.

"வீட்டு மனுஷனை நீயே பெஞ்சுக்கு அனுப்புறியாமே?"

"நான் அனுப்பல மாமா. நம்பர் அனுப்புது. சின்ன மாமா ஒரு மேட்ச்சுக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கார். இப்ப நம்ம மிட்ஃபீல்டர் யாரும் பதினொண்ணுக்குக் குறையறதில்ல."

"அவன் எதுக்கு ஓடணும்? பஸ்ஸை விட்டவன்தான் ஓடணும்."

சிரித்தாள். ஆனால் எண்ணை மாற்றவில்லை. பழைய பதிவை ஓட்டிக் காட்டினாள். தம்பியின் தலைக்கு மேல் ஒரு சிறு எண் மீட்டர் மீட்டராக ஏறியது. அவன் படத்தை விட்டு வெளியே போனதும் அது அப்படியே நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?"

"கேமரா பந்து பின்னாடி போயிடுச்சு. அவர் மறுபடி தெரியற வரைக்கும் நிக்கிறதா எடுத்துக்கும்."

"யார் எடுத்துக்கும்?"

"சாஃப்ட்வேர்."

"கேமரா பாக்காத நேரமெல்லாம் என் தம்பி சிலையா நின்னானா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப ஆடுறவங்க ஜெர்சிக்குள்ள கருவி இருக்கு மாமா, ஒரு அடி கூட தப்பாது. அதே பழக்கத்துல இதையும் பண்ணிட்டேன். தப்புதான்."

விடுவேனா நான்?

"கேமரா பாக்கலன்னா என்ன, புல்லு பாத்துச்சு. ஒவ்வொரு மேட்ச்சுக்கு அப்புறமும் ரெண்டு இடத்துல புதுப் புல்லு பதிப்பேன். நடுவட்டத்துக்கு ஏழடி பின்னால ஒரு பாய் அகலம். அங்கேருந்து வலது கோடு வரைக்கும் நூறடி நீளத்துக்கு ஒரு தடம். தம்பி ஓடித் தேய்ச்ச தடம் அது."

இதைப் பத்திரிகைப் பேட்டிகளில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அவள் விவரம் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். ஆறு என்பது ஒன்பதரை ஆனது. எனக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"வலது பக்கம்தானே மாமா?" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "படத்துல தெரியற வரைக்கும் அந்தப் பக்கம் ஓடுறது அப்பா."

அவள் அப்பா, என் சம்பந்தி, ஒன்பது வருடம் தம்பிக்குப் பக்கத்தில் ஆடியவர். 'டீசல்' என்று பெயர். ஓட மட்டும் தெரிந்த மனிதர் என்று கல்யாணப் பந்தியிலேயே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"ஆனா புல்லைப் பாத்தது நீங்கதான். நீங்க சொல்றதையே போட்டுடறேன்," என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே என்னை நம்பித்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அந்தப் புல்லைத் தோண்டி எறிந்து பல வருடம் ஆகிவிட்டது. சாட்சி நான் ஒருவன்தான். அவள் அப்பன் ஓடிய ஓட்டத்தை அவள் கையாலேயே என் தம்பி பெயரில் எழுத வைத்துவிட்டு, சாயங்காலம் அவள் போடும் சாப்பாட்டை எந்த முகத்தோடு சாப்பிடுவது? எங்கள் குடும்பத்துக்கு இரவல் பெயர் தேவையில்லை.

"அழிச்சிடு. அது உங்கப்பா தடம். மூணு தடவையும் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

அவள் அழித்தாள். எண் சரசரவென்று இறங்கியது.

"ஆனா அந்தப் பாய் அளவு இடம் அவனோடதுதான். அங்க நின்னு என்ன பண்ணினான்னு எண்ணினியா?"

"நிக்கிறதை யாரு மாமா எண்ணுவாங்க?"

"எண்ணிப் பாரு."

படத்தை மெதுவாக ஓட்டினாள். பந்து வருவதற்கு முந்தைய பத்து நொடியில் தம்பி எட்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்திருந்தான். இன்றைய கேப்டனின் பதிவைப் போட்டாள். நான்கு. வேறு ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தாள். தம்பி ஏழுக்குக் கீழே இறங்கவே இல்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடறாரு மாமா. ரெண்டு பேர் பாய்ஞ்சு வந்தாலும் இவர்கிட்ட பந்து இருக்காது, போயிருக்கும். டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்க வச்சா இன்னிக்கும் இவர்தான். ஆனா பக்கத்துல ஓட ஒரு ஆள் வேணும்."

"உங்கப்பாவைப் போடு."

வராந்தாவுக்குப் போய்ச் சம்பந்திக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் பேசியது அதுதான் முதல் முறை.

"என்ன சம்பந்தி, கை தவறி என் நம்பர் விழுந்துடுச்சா?"

"கை தவறல. நாலு மணிக்கு கிளப்புக்கு வாங்க. உங்களையும் டீம்ல எடுத்திருக்கு."

"எனக்கு முட்டி வலி."

"இன்னிக்கு உட்கார்ந்தா போதும். ஓட வேண்டாம்."

மூன்றரைக்கே வந்துவிட்டார். தம்பி அதற்குப் பின்னால் காரைப் பூட்டிவிட்டு வந்தவன், அவரைப் பார்த்ததும் கட்டிக்கொள்ள இரு கைகளையும் விரித்தான். "டீசலும் உண்டா? அப்ப சரி. நான் நடந்தே வருவேன்."

பதிவில் முதலில் நான்தான் பேசினேன். அந்தத் தடம் யாருடையது என்பதையும், மூன்று பேட்டியில் நான் சொன்னது தவறு என்பதையும் கேமராவைப் பார்த்தே சொன்னேன். சம்பந்தி தலை குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தம்பி அவர் தோளில் கை போட்டிருந்தான்.

மருமகள் இன்றைய அணிப் பலகையில் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். பதினோரு பேரில் இருவர் வெளியே போக வேண்டுமே, யார் என்று நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டார்.

"ஒருத்தர் நம்ம கேப்டன்," என்றாள் அவள், குரல் துளியும் இறங்காமல். "அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."